வேகம் கூடும் இடம்

மண்டபம் பூங்காவில் பதினொரு கம்பங்கள்.
பேரூராட்சி ஏட்டில் பதினொன்றும் எரிகின்றன.
நேரில் நான்கு.
அதிலும் ஒன்று வேப்பங்கிளைக்குள்
காக்கைக் கூட்டுக்கு மட்டும் எரிகிறது.

நாங்கள் மூன்று பேர்.
ஐடிஐயில் ஒயரிங் படிக்கும் நம்புராஜன்,
தினமும் ராமநாதபுரம் பஸ்ஸில் தொங்கிப் போகும் இன்பென்டா,
ஜெராக்ஸ் கடையில் நிற்கும் நான், சீனி ஆமினா.
மனுவுக்கு நகல் செலவில்லை.

முதல் மனுவுக்கு, "கம்பம் இருக்குல்ல?" என்றார்கள்.
இரண்டாவதற்கு நிதியில்லை.
மூன்றாவதை வாங்கியவர்
எங்கள் கண்முன்னே
அதில் வடை எண்ணெயை ஒற்றி எடுத்தார்.

வெளியே வந்து இன்பென்டா சொன்னாள்:
வெளக்க எண்ணுனது போதும்,
நடைய எண்ணுவம்.

சறுக்குமரத்தின் உச்சியில் உட்கார்ந்தோம்
ஒன்பது இரவு.
நண்டுக் கம்பெனி விட்டு வரும் பெண்கள்
ஊஞ்சல் வரைக்கும் பேச்சு, கேலி,
யாரோ யாரையோ அடிக்கிற சத்தம்.
ஊஞ்சல் தாண்டினால் செருப்பொலி மட்டும்.
தண்ணீர்த்தொட்டி வந்தால்
செருப்பு கைக்கு வந்துவிடும்.

ஒருத்தி, "இந்தா வந்துட்டேன், வாசல்ல நில்லு" என்று
போனில் சொல்லிக்கொண்டே போனாள்.
என் மாமி மகள்தான்.
அந்தப் போன் செத்து நாலு நாளாகிறது.

இன்னொருத்தி
மழையில்லாத இரவிலும்
பச்சைக் குடையை நடுவில் பிடித்துக்கொண்டு வருவாள்.

நடை வேகமாகும் இடத்தில் பென்சிலை அழுத்தினோம்.
தொட்டிக்குப் பக்கத்தில் தாள் கிழிந்தது.

அந்தத் தாளை ஆபீசில் யாரும் வாங்கவில்லை.
வாசலில் பீடி பற்றவைத்த வயர்மேன் சேதுபாண்டிதான்
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இந்தப் புள்ளி யாரு?"
பேரெல்லாம் போடலண்ணே.
"ஒம்பதே முக்காலுக்கா?"
ஆமா.
"கையில குடையா?"
நாங்கள் பேசவில்லை.

மறுநாள்
கேட்காமலே ஏணி வந்தது.

மூடியைத் திறந்தால் உப்பு.
ஒரு குழம்புக்குக் காணும்.
கச்சான் காற்று திருகாணிகளைத் தின்றுவிட்டு
தலையை மட்டும் விட்டுவைத்திருந்தது.
ஒரு பல்லி, காகிதமாய்.
நம்புராஜன் சித்தப்பாவின் விசைப்படகிலிருந்து
கிரீஸ் எடுத்துவந்து மரைக்கெல்லாம் பூசினான்.
அன்று முழுக்க
பூங்காவில் எஞ்சின் வாசம்.

கடல் பக்கத்துக் கம்பத்தில் வேலை நடக்கையில்
வத்தையிலிருந்து ஒருவர் கத்தினார்:
"எங்க கண்ணுல அடிக்காத!
அப்புறம் எது கரைன்னு நாங்க பாக்குறது?"
எண்ணெய் டின்னை வெட்டித் தொப்பி வைத்தோம்.
வெளிச்சம் தலை குனிந்தது.

எட்டாம் நாள் ஒன்று உடைந்தது.
எறிந்தவன் எங்கள் தெருதான்.
இப்போது அதே கம்பத்தடியில்
கேரம் ஆடுகிறான்.
நான் இன்னும் அவனோடு பேசுவதில்லை.

கடைசியாக ஒருநாள் எண்ணப் போனோம்.
ஒன்பதே முக்கால்.
பச்சைக் குடை ஊஞ்சலைத் தாண்டியது.
தொட்டிக்கு வந்தது.
நின்றது.

என்னவோ ஏதோ என்று நான் எழுந்துவிட்டேன்.

அவள் குடையைக் கம்பத்தில் சாய்த்தாள்.
விரலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி,
நகக்கண்ணில் ஏறியிருந்த நண்டு ஓட்டுச் சில்லைத்
தேடினாள்.
கிடைக்கவில்லை.
விரலைத் திருப்பித் தேடினாள்.
பல்லால் கடித்து இழுத்துத் துப்பிவிட்டு
இன்னும் கொஞ்ச நேரம்
விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இதற்கு என்ன குறி, என்றேன்.
இன்பென்டா பென்சிலைப் பார்த்தாள்.
எங்களிடம் வேகத்துக்குத்தான் குறி இருந்தது.

அவள் போய்விட்டாள்.
குடை கம்பத்திலேயே இருந்தது.
நம்புராஜன் குதித்து இறங்கி
அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடப் பார்த்தான்.

ஓடாதடா, என்றோம் இரண்டு பேரும்.
நின்ன எடத்துலருந்தே
கூப்பிடு.